நெட்பாலில் கோல் கீப்பராக ஆடுபவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக வரலாம்?

பாம்பனில் பள்ளி நெட்பால் அணிக்கு (கூடைப்பந்து மாதிரி, பந்தை வளையத்தில் போடும் ஆட்டம்) கோல் கீப்பராக, அதாவது எதிரணி வளையத்தில் போடாமல் தடுப்பவராக, ஆடும் உங்கள் தங்கை மகள் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக வரலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஜீவா மென்டரும் (பெயர் நம்மூர்ப் பெயர் மாதிரி, ஆள் இங்கிலாந்து) அதே கோல் கீப்பர் இடத்தில் ஆடியவர்தான்: 2001-ல் நாட்டுக்காக ஆடத் தொடங்கி, 2018 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை 52-51 என்று வென்ற அணியில் இருந்து, 2023 உலகக் கோப்பை வரை நின்றவர்.

சரி, தடுக்கிற இடத்துக்கு உயரம் மட்டும் போதுமா? போதாது. பந்து வைத்திருப்பவரிடமிருந்து 0.9 மீட்டர் தள்ளி நின்றுதான் கை நீட்டித் தடுக்கலாம், இடித்தால் பெனால்டி, அதனால் வலை வீசுகிறவர் மீன் போகும் பக்கத்தைக் கணிக்கிற மாதிரி பந்து வரும் பக்கம் முன்கூட்டியே நகரத் தெரிய வேண்டும். அப்புறம் முழங்காலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடிவந்து சட்டென்று நிற்கிற ஆட்டம் இது; குதித்து இறங்குவதை இப்போதே ஒழுங்காகப் பழகட்டும்.