தூள் பழகிய பிள்ளையும் ஊரும்: வாசகர் கேள்விகளுக்கு உளநல மருத்துவரின் பதில்கள்

என் மகனுக்கு 21 வயது. தூள், அதாவது ஹெரோயின், பாவிக்கிறான் என்பதைச் சென்ற மாதந்தான் அறிந்தோம். ஒரு கிழமை அறையில் பூட்டி வைத்தால் மறந்துவிடுவான் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?
*ஒரு தாய், வடமராட்சி*

வேண்டாம் அம்மா. கடைசியாகப் பாவித்து ஏறத்தாழ 8 முதல் 12 மணித்தியாலங்களில் மூக்கும் கண்ணும் ஒழுகத் தொடங்கும். அதன்பின் கொட்டாவி, உடல் சிலிர்ப்பு, கால் உளைவு, வாந்தி, வயிற்றோட்டம், நித்திரையின்மை என்று ஒவ்வொன்றாக வந்து, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சமடைந்து, ஒரு கிழமையளவில் தணியும். இந்த வேதனையை மருந்துகளால் பெருமளவு குறைக்கலாம். பூட்டிய அறைக்குள் அதை அனுபவிக்க விடுவதால் எந்தப் பயனும் இல்லை. அந்த ஒரு கிழமை முடிந்ததும் நோயும் முடிந்துவிட்டதென்று வீட்டார் எண்ணிவிடுவதே எனக்குப் பெரிய அச்சம். நிறுத்தியிருந்த நாட்களில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது. படலை திறந்ததும் பழைய அளவையே மறுபடி எடுக்கும் பிள்ளைக்கு மூச்சு நின்றுபோகலாம். சிறையிலிருந்தும் புனர்வாழ்விலிருந்தும் திரும்புகிறவர்களுக்கும் முதற் சில கிழமைகளே மிக ஆபத்தானவை.

யாழ். போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ மகனை அழைத்துச் செல்லுங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது முதலில் போய்ப் பேசுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

பாவிப்பவர்களின் பெயர்களை அறிவித்தல் பலகையில் ஒட்டுவதென்றும், அவர்களைத் திருவிழாக் கடமைகளிலிருந்தும் விளையாட்டுக் கழகத்திலிருந்தும் நீக்குவதென்றும் எங்கள் பொதுக்கூட்டத்தில் தீர்மானித்துள்ளோம். உங்கள் கருத்து என்ன?
*சனசமூக நிலையச் செயலாளர், வலிகாமம்*

உங்கள் ஊரின் கோபம் நியாயமானது. ஆனாலும் அந்தப் பட்டியலை ஒட்டாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். பெயர் பலகையில் ஏறிய நாளிலிருந்து அந்த வீட்டுப் படலை சாத்தப்படும். தங்கையின் கலியாணப் பேச்சை நினைத்துத் தாய் எல்லாவற்றையும் மறைப்பார். பிள்ளை சிகிச்சைக்கு வருவது இரண்டு வருடம் பிந்தும். அவரை மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும் ஒரே ஆள் தூள் விற்பவராகவே இருப்பார்.

ஊர் செய்யக்கூடியவை வேறு. எல்லோரும் நம்பும் இரண்டு மூன்று பேரை, அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கும்படி, தெரிவு செய்து, எந்தத் தாயும் அவர்களிடம் தனியாகப் பேசலாம் என்று மாதர் சங்கத்தின் ஊடாகச் சொல்லிவையுங்கள். கிளினிக் நாளில் கூடப் போவதற்கு ஒருவர், ஓட்டோச் செலவுக்கு ஒரு சிறு நிதி, திரும்பி வந்தவருக்கு ஒரு வேலை: இவை கூட்டத் தீர்மானங்களைவிட அதிகம் உதவுவதைக் கண்டிருக்கிறேன். நான் அறிந்த ஓர் ஊரில், சிகிச்சை முடித்து வந்த இளைஞர் ஒருவரிடம் கழகத் தலைவர் எந்த அறிவுரையும் சொல்லவில்லை. கரப்பந்தாட்டத் திடலுக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் பொறுப்பை மட்டும் கொடுத்தார். பின்னேரம் நாலரைக்கு வாளியும் கயிறுமாக அவர் வரவேண்டும். வராவிட்டால் ஆட்டம் தொடங்காது. முன்பு தூள் தேடி அலைந்த அதே நேரம் அது. நடுவில் ஒருமுறை அவர் மீண்டும் வழுக்கினார். அப்போதும் வாளியை வேறொருவருக்குக் கொடுத்துவிடாமல் காத்திருந்தார்கள். பத்து நாட்களில் திரும்பி வந்தார்.

விற்பவர்களைப் பற்றிய தகவலைப் பொலிஸாருக்குக் கொடுங்கள். உங்கள் இளைஞர்கள் பொதியைப் பறித்துத் தம்மிடம் வைத்திருக்கவே கூடாது. அபாயகர ஔடதங்கள் சட்டத்தின்படி 2 கிராமோ அதற்கு மேலோ தூய ஹெரோயினை உடைமையில் வைத்திருப்பதற்கு மரண தண்டனை அல்லது ஆயுட்தண்டனை விதிக்கப்படலாம். நல்ல நோக்கத்தோடு எடுத்தேன் என்று பின்னர் நிரூபிப்பது எளிதல்ல.

நான் கனடாவில் இருக்கிறேன். தம்பியின் சிகிச்சைக்கென்று அனுப்பும் பணம் தூளுக்கே போகிறது. அனுப்புவதை நிறுத்தவா?

பணத்தை நிறுத்துங்கள்; தொலைபேசி அழைப்பை நிறுத்தாதீர்கள். மருந்துக்கும் போக்குவரத்துக்கும் ஆகும் செலவை, நம்பிக்கையான உறவினர் ஒருவர் மூலம் அந்தந்த இடத்திலேயே செலுத்துங்கள்.

அம்மம்மாவுக்கு மூட்டு நோவுக்கு ட்ரமடோல் குளிசை தந்திருக்கிறார்கள். வீட்டில் பெடியன்கள் இருக்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

அதுவும் ஹெரோயினைப் போல ஓபியொயிட் வகையைச் சேர்ந்த மருந்துதான். வைத்தியர் சொன்ன அளவில் அவர் எடுக்கட்டும். பெட்டியைப் பூட்டி வையுங்கள், குளிசைகளை எண்ணி வையுங்கள். நரம்பு நோவுக்குத் தரப்படும் பிரகபலின் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. எனினும் ஹெரோயினுடனோ ட்ரமடோலுடனோ சேரும்போது மூச்சை மேலும் அடக்கும்.

கூட்டாளி ஒருவர் தூள் எடுத்தபின் குறட்டை விட்டபடி கிடந்தார், எழுப்பியும் எழும்பவில்லை. பொலிஸுக்குப் பயந்து ஒருவருக்கும் சொல்லவில்லை. பிறகு தெளிந்துவிட்டார். இன்னொரு முறை நடந்தால் என்ன செய்வது?
*பெயர் வேண்டாம், யாழ்ப்பாணம்*

இதைக் கேட்டு எழுதியதற்கு நன்றி தம்பி. அது நித்திரைக் குறட்டை அல்ல. மூச்சு அடைபடும் சத்தம். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவதும், உதடு நீலம் பாரிப்பதும், மூச்சு மெதுவாகி இடைவெளி விடுவதும் அதே ஆபத்தின் அடையாளங்கள். உடனே 1990 என்ற இலக்கத்தில் நோயாளர் காவு வண்டியை அழையுங்கள். என்ன பாவித்தார் என்பதை மறைக்காதீர்கள். நலோக்சோன் என்ற மருந்து ஹெரோயினின் விளைவை நிமிடங்களில் முறிக்கும். ஐஸ் எனப்படும் மெத்தம்பெற்றமைன் எடுத்தவருக்கு அது உதவாது. எனவே உண்மையைச் சொன்னால்தான் சரியான மருந்து கிடைக்கும். தேசிக்காய்ச் சாறு, பால் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். மூச்சு இருந்தால் ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்தி, வாந்தி தொண்டையில் அடைக்காமல் பாருங்கள். மூச்சு நின்றால், முதலுதவி தெரிந்தவர் ஒருவர் வாய்வழியாக மூச்சுக் கொடுத்து மார்பை அழுத்தட்டும். இன்னொருவர் ரோட்டுக்கு ஓடிப்போய் ரோச் லைட்டோடு நிற்கட்டும். எங்கள் ஒழுங்கைகளில் இரவில் வீடு கண்டுபிடிப்பது வண்டிக்காரருக்குச் சிரமம்.