தீர்த்தமலை முதல் படுகளம் வரை: அவதாரக் கதைகள், கேள்வி பதில்

வெயில் காலம் வந்தால் எங்கள் தருமபுரிப் பக்கம் ஊருக்கு ஊர் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. முப்பது வருடமாக அந்த மேடைகளில் பாரதமும் இராமாயணமும் சொல்லி வருகிறேன். முடித்து இறங்கும்போது கேள்வியோடு நாலு பேர் நிற்பார்கள், எனக்கு அடுத்த ஊருக்குப் பேருந்து பிடிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் இந்த முறை எழுதி அனுப்பச் சொன்னேன்.

அரூரிலிருந்து ஓர் அம்மா: ஐயா, தீர்த்தமலைக்கு இராமர் வந்தது வால்மீகியில் எந்த இடத்தில் வருகிறது?

வால்மீகியில் இல்லை அம்மா, கம்பனிலும் இல்லை. அது நம் மலைக்கே உரிய தலபுராணம். இராவணனைக் கொன்றுவிட்டுத் திரும்பும் இராமர் இங்கே சிவபூசை செய்ய நினைக்கிறார். காசியிலிருந்து கங்கை நீர் கொண்டுவரப் போன அனுமன் வந்து சேரவில்லை. நேரம் தப்பக் கூடாதென்று இராமர் பாறையில் அம்பு விட, தண்ணீர் கொட்டுகிறது. அதுதான் இராமர் தீர்த்தம். பிறகு வந்து சேர்ந்த அனுமன், பூசை முடிந்துவிட்டதைப் பார்த்து மனம் நொந்து, கொண்டுவந்த நீரை வீசுகிறான். அது விழுந்த இடம் தென்பெண்ணைக் கரையில் இருக்கும் அனுமன் தீர்த்தம்.

இதை அப்படியே இராமேசுவரக் கதையோடு வைத்துப் பாருங்கள். அங்கே கயிலைக்கு இலிங்கம் கொண்டுவரப் போன அனுமன் தாமதிக்கிறான், சீதை மணலில் இலிங்கம் பிடித்துவிடுகிறாள். இரண்டு இடத்திலும் அனுமனுக்கு ஏமாற்றம். ஆனால் அங்கே அனுமன் கொண்டுவந்த விசுவலிங்கத்துக்குத்தான் முதல் பூசை. இங்கேயும் அனுமன் தீர்த்தத்தில் முழுகிவிட்டு அப்புறம் மலை ஏறுவதுதான் வழக்கம். பிந்தி வந்த அனுமனை மக்கள் முந்த வைத்துவிட்டார்கள். மேடையில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: தசாவதாரத்தில் பலராமர் உண்டா, புத்தர் உண்டா?

இரண்டு கணக்கும் உண்டு தம்பி. நம் ஆழ்வார் கணக்கில் பலராமர்தான். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் பத்தையும் ஒரே பாட்டில் அடக்குகிறார்: மீன், ஆமை, கேழல், அரி, குறள், ‘முன்னும் இராமனாய், தானாய், பின்னும் இராமனாய்’, தாமோதரன், கற்கி. கேழல் என்றால் பன்றி, அதாவது வராகம். முன் இராமன் பரசுராமர், பின் இராமன் பலராமர். நடுவில் இருக்கும் தசரதன் மகனைப் பெயர் சொல்லாமல் ‘தானாய்’ என்று விட்டாரே, அந்த ஒரு சொல்லுக்கு நான் அரை மணி நேரம் பேசுவேன்! வடக்கே கீதகோவிந்தம் பாடிய ஜெயதேவர் பலராமர், புத்தர் இருவரையும் பத்தில் வைக்கிறார். அவருக்குக் கண்ணன் அவதாரம் எடுப்பவன், அதனால் எண்ணிக்கைக்குள் வரமாட்டான். பாகவதமோ முதல் ஸ்கந்தத்தில் 22 அவதாரங்களைச் சொல்லிவிட்டு, எண்ணி மாளாது என்கிறது.

பென்னாகரத்திலிருந்து ஒருவர்: திரௌபதி இரத்தம் தடவிக் கூந்தல் முடிந்தது வியாசரில் இல்லையாமே? கூத்துக்காரர்கள் கட்டிவிட்ட கதையா?

இரத்தம் தடவும்வரை கூந்தலை முடியமாட்டேன் என்ற திரௌபதியின் சபதம் வியாசரில் இல்லை என்பது சரிதான். துச்சாதனன் மார்பைப் பிளந்து இரத்தம் குடிப்பேன், துரியோதனன் தொடையை முறிப்பேன் என்ற இரண்டும் பீமனின் சபதங்கள். ஆனால் கூத்துக்காரர்களைக் குறை சொல்லாதீர்கள். பட்ட நாராயணர் எழுதிய ‘வேணீசம்ஹாரம்’ என்ற வடமொழி நாடகத்திலேயே துரியோதனன் இரத்தம் தோய்ந்த கையால் பீமன் அவள் கூந்தலை முடிக்கிறான். ஆயிரம் வருடத்துக்கு மேல் பழைய நாடகம் அது.

துரியோதனன் சாவை நடித்துக் காட்டும் படுகளத்தன்று ஒரு தடவை கூட்டத்தின் முன் வரிசையில் நின்று பாருங்கள். களிமண்ணால் செய்த துரியோதனன் திடல் முழுக்க மல்லாந்து கிடப்பான். தொடையில் செந்நீர் வைத்து மூடியிருப்பார்கள். பீமன் வேடக்காரர் அங்கே அடித்ததும் பீறிடும். தலைவிரி கோலமாகச் சுற்றி வந்த திரௌபதி உட்கார்ந்து, அதைத் தொட்டுக் கூந்தலில் தடவி, பூ வைத்து முடிவாள். அதுவரை பேசிக்கொண்டிருந்த பெண்கள் வாயடைத்துப் போவார்கள். கலையும்போது அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போன பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் இல்லை என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

காவேரிப்பட்டணத்திலிருந்து: அரவான் களப்பலி வியாசரில் உண்டா?

இல்லை. வியாசரில் அர்ச்சுனன் மகனான அரவான் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கனால் சாகிறான். போருக்கு முன்பே பலியாவது தமிழ்ப் பாரத மரபு. வில்லிபாரதத்தில் வருகிறது.

ஓசூரிலிருந்து: எங்கள் சந்திரசூடேசுவரர் மலையில் சிவன் உடும்பாக வந்ததும் அவதாரம்தானா?

சைவர்கள் அப்படிச் சொல்வதில்லை. சிவனைச் சிலப்பதிகாரம் ‘பிறவா யாக்கைப் பெரியோன்’ என்கிறது. ஆகவே பார்வதிக்கு உடும்பாகத் தோன்றியது திருவிளையாடல். அவதாரம் என்ற சொல்லைப் பெருமாளுக்கு வைத்துக்கொள்வோம்.

ஊத்தங்கரை ஆசிரியை: இராமாயணச் சொற்பொழிவில் இரணியன் கதையைச் சொன்னீர்கள். அங்கே அது எப்படி வந்தது?

கம்பன் கொண்டுவந்தது அம்மா. யுத்த காண்டத்தில் இரணியன் வதைப் படலம் என்றே தனியாக இருக்கிறது. சீதையை விட்டுவிடு என்று மன்றாடும் வீடணன், வரத்தை நம்பிக் கெட்ட இரணியன் கதையை அண்ணனிடம் சொல்கிறான். ‘சாணினும் உளன்’ என்று பிரகலாதன் சொல்லும் பாட்டு அங்கேதான். யாரிடம் சொல்லப்படுகிறது என்பதை நினைத்துப் படியுங்கள். மனிதனால் சாவில்லை என்ற வரத்தை இராவணன் கேட்கவே இல்லை, மனிதர்களை அவ்வளவு அற்பமாக நினைத்தான். தூணிலிருந்து வந்த சிங்கத்தை அவனுக்கு நினைவுபடுத்துகிறான் தம்பி. அவன் கேட்கவில்லை.

தருமபுரியிலிருந்து ஒரு தாத்தா: பேரப் பிள்ளைகளுக்கு இராமாயணத்தைக் கண்ணால் காட்ட வேண்டும், எங்கே போகலாம்?

வெளியூர் வேண்டாம் ஐயா, நம் கோட்டைக் கோயிலுக்கே போங்கள். காமாட்சியம்மன் சன்னதியின் அடிப்பகுதியில் இராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருக்கிறார்கள். நின்றபடி பார்த்தால் கண்ணில் படாது, குனிய வேண்டும். பிள்ளைகளின் உயரத்துக்குச் சரியாக இருக்கும், அவர்களை முன்னால் விட்டு நீங்கள் கதையைச் சொல்லிக்கொண்டே பின்னால் சுற்றி வாருங்கள்.