சூடானதும் ஒரு சிலிண்டர் விட்டுவிடும் பழைய ஜான்சன்

1958 ஜான்சன் 10 எச்பி படகு மோட்டாரில் காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் கம்பிச்சுருள்), பாயிண்ட் (மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை), கண்டென்சர் (பாயிண்டோடு சேர்ந்த மின்தேக்கி) எல்லாம் புதிதாகப் போட்டும், சூடானதும் ஒரு சிலிண்டர் அடிப்பதில்லை என்கிறீர்கள். என் சந்தேகம் கண்டென்சர் மேல்தான். எனக்கும் புதியது ஒன்று இப்படி ஏமாற்றியது: குளிர்ந்திருக்கும்போது மீட்டரில் சரியாக 0.2 மைக்ரோஃபாரட், சூடானால் மின்கசிவு. இரண்டு கண்டென்சரையும் இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். கோளாறு அடுத்த சிலிண்டருக்குத் தாவினால் ஆள் அதுதான். பழைய கண்டென்சரைத் தூக்கிப் போடவில்லையே? சோதித்து அதையே மாட்டலாம்.

அப்புறம், புதுப் பாயிண்டின் முகத்தில் எண்ணெய்ப் படலம் இருக்கும். அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, இடைவெளியை 0.020 அங்குலத்துக்கு வையுங்கள்.

காயில் விஷயத்தில் மட்டும் புதியதே மேல். அந்தக் காலத்துக் காயிலின் உறை விரிசல் விட்டுவிடும். புதுக் காயிலின் இரும்புக் கால்கள் ஃப்ளைவீலில் (மேலே சுற்றும் கனமான சக்கரத்தில்) உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.