கற்பனை உலகங்களில் வரும் கோப்ளின்களின் பண்பாடும் வாழ்க்கை முறையும் எப்படி இருக்கும்?

கோப்ளின் என்பது மேற்கத்தியக் கதைகளில் வரும் குட்டிப் பூதம் மாதிரி ஒன்று. கதை எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு கோப்ளின் வைத்திருக்கிறார்கள். ஒரு கதையில் வங்கி நடத்தும், இன்னொன்றில் மலைக்குகைக்குள் பதுங்கியிருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னால் கூட்டாஞ்சோறு ஆகிவிடும். எனக்குப் பழக்கமானவர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: பாத்ஃபைண்டர் என்ற, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டத்தில், கோலாரியன் உலகத்தில் வாழும் கோப்ளின்கள். 2007-ல் வந்த அதன் முதல் சாகசமே, சேண்ட்பாயிண்ட் என்ற கடலோரச் சிற்றூரில் திருவிழா நடக்கும்போது இவர்கள் புகுந்து தீ வைப்பதில்தான் தொடங்கும்.

ஆள் மூன்றடி உயரம். உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை, காது வரை கிழிந்த வாய். இதெல்லாம் படத்தைப் பார்த்தாலே தெரியும். படத்தில் தெரியாதது, எழுத்தைக் கண்டால் இவர்களுக்கு வரும் நடுக்கம். ஒரு சொல்லை எழுதினால் அது தலைக்குள்ளிருந்து களவு போய்விடும் என்று நம்புகிறார்கள். எழுதிப் பார்த்தவன் மாட்டிக்கொண்டால் கூட்டத்தில் அவனுக்கு இடமில்லை.

முதல் தடவை நாங்கள் நாலு பேர் கோப்ளின்களாக ஆடியபோது, ஆட்டம் நடத்திய நண்பர் சிரத்தையாக ஒரு பழைய கடிதம் தயாரித்திருந்தார். டீ டிகாக்ஷனில் தாளை நனைத்து, காயவைத்து, ஓரமெல்லாம் கருக்கி. மேஜையில் வைத்ததும் பக்கத்திலிருந்தவன் "அய்யய்யோ, எழுத்து!" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினான். இன்னொருத்தி யோசிக்கவே இல்லை, "நான் அதைக் கொளுத்துறேன்" என்றாள். அடுத்து எங்கே போக வேண்டும் என்பதற்கான துப்பு அதில்தான் இருந்ததாம். நண்பர் பாவம், இரண்டு நிமிடம் பேசவில்லை.

எழுத்து இல்லையென்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கணக்குப் புத்தகம் கிடையாது, பட்டா கிடையாது, வம்சாவளி கிடையாது. நேற்றைய தலைவன் போட்ட சட்டம் அவனோடு போயிற்று. இன்றைக்கு எவன் அதட்டுகிறானோ அவன் சொல்வதுதான் சட்டம். எதையாவது நினைவில் வைக்க வேண்டுமென்றால் பாட்டாகக் கட்ட வேண்டும். கொள்ளைக்குப் போகும்போதும் இவர்கள் பாடிக்கொண்டே போவதைப் பலர் வெறும் வேடிக்கையாகப் பார்க்கிறார்கள். எனக்கென்னவோ அதுதான் அவர்களுடைய நூலகம் என்று தோன்றுகிறது. (இது என் ஊகம்தான், விதிப்புத்தகத்தில் தேடாதீர்கள்.)

நாயும் குதிரையும் ஜென்ம விரோதிகள். அவர்கள் வாளின் பெயரே 'நாய்வெட்டி' என்ற பொருளில்தான் இருக்கும். எடை குறையட்டும் என்று வாளின் அலகில் ஓட்டை போட்டிருப்பார்கள், அதனாலேயே சண்டை நடுவில் அது உடைந்தும் போகும். குதிரைக்குத் தனியாக நீளப் பிடி போட்ட ஒரு வெட்டுக்கத்தி. அப்படியானால் ஏறிப் போக? கோப்ளின் நாய் என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் நாய், மூஞ்சி எலி. அதன் சொறி மற்றவர்கள் மேல் பட்டால் அரித்துத் தள்ளும், கோப்ளின்களை ஒன்றும் செய்யாது.

பிள்ளை வளர்ப்பு பற்றி அதிகம் சொல்லப் பிடிக்கவில்லை. குழந்தைகளைக் கூண்டில் போட்டு வைப்பார்கள். சிரிப்புக்காக எழுதியது என்றாலும் எனக்கு அது ஒட்டவில்லை. "பிறவியிலேயே கெட்ட இனம்" என்ற பழைய சௌகரியம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2019-ல் வந்த இரண்டாம் பதிப்பில் கோப்ளினை, மனிதர், குள்ளர், எல்ஃப் வரிசையில், யாரும் தேர்ந்தெடுத்து ஆடக்கூடிய இனமாகச் சேர்த்துவிட்டார்கள். பழைய ஆட்டக்காரர்கள் சிலருக்கு அதில் வருத்தம். எனக்கு இல்லை.

நீங்களே ஆடிப் பார்க்க நினைத்தால், கோப்ளின்களாகவே ஆட 2011-ல் இலவசமாக வெளியிட்ட ஒரு குட்டிச் சாகசம் இருக்கிறது. சதுப்பு நிலத்தில் வாழும், 'தவளைநக்கி' என்று பொருள்படும் பெயருள்ள ஒரு கூட்டம். எழுதிய குற்றத்துக்காக ஒருவனைத் துரத்திவிடுகிறார்கள், அவனிடமிருந்த பட்டாசு இவர்கள் கைக்கு வருகிறது, மொத்தக் கூட்டத்துக்கும் தலைகால் புரியவில்லை. மிச்சப் பட்டாசு எங்கே இருக்கிறதோ அதைக் கொண்டுவர உங்களை அனுப்புவார்கள். கிளம்பும் முன் ஒரு விருந்து, வீரத்தைக் காட்ட விளையாட்டுகள். ஒரு பை நிறைய ஓடில்லா நத்தைகளை வேகமாகத் தின்று முடிப்பது அதில் ஒன்று. எங்கள் மேஜையில் அதற்குப் பகடை உருட்டியவன் சுத்த சைவம். ஜெயித்தான்.