சொந்த வீட்டு முன்னால் காரை ஏற்ற கவுன்சிலிடம் எதற்கு அனுமதி?

கேள்வி: "லண்டன் புறநகரில் வீடு வாங்கியிருக்கிறோம். முன்னால் சின்னத் தோட்டம். அதில் கல் பாவி காரை உள்ளே நிறுத்தலாம் என்று பார்க்கிறேன். என் நிலம்தானே, கவுன்சிலிடம் எதற்கு அனுமதி? நடைபாதை ஓரத்தில் ரப்பர் சாய்கட்டை ஒன்றை வைத்து ஏற்றிக்கொண்டால் போதாதா?"

அந்த ரப்பர் கட்டையை வைத்து ஏழு மாதம் ஓட்டியவன் நான். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆன்லைனில் ஒரு ஜோடி வாங்கினேன். காலையில் காரை இறக்கிவிட்டுக் கட்டைகளைத் தூக்கி உள்ளே போட வேண்டும், சாயங்காலம் மறுபடி எடுத்து வைக்க வேண்டும். முதல் மாதம் ஒழுங்காகச் செய்தேன். அப்புறம் யார் தினமும் தூக்குவது என்று அங்கேயே விட்டுவிட்டேன். ஒரு நாள் நல்ல மழை. சாலையோரமாக ஓடி வந்த தண்ணீர் கட்டையில் முட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசல் வரைக்கும் குளம் கட்டிவிட்டது. அதற்குள் நடைபாதைக் கற்களில் மூன்று அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தன. அதில் ஒன்றின் முனை கட்டைவிரல் உயரத்துக்கு எழும்பி நின்றது. எதிர்வீட்டுப் பாட்டி கைத்தடியோடு அந்த இடம் வந்ததும் நின்று, கல்லையும் என் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாலையில் இறங்கி நடந்து போனார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பத்து நாளில் கவுன்சில் கடிதம் வந்தது. 1980ஆம் ஆண்டின் ஹைவேஸ் ஆக்ட், அதாவது நெடுஞ்சாலைச் சட்டம், பிரிவு 184.

உங்கள் கேள்விக்கான பதில் அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. உங்கள் நிலம் கேட்டோடு முடிந்துவிடுகிறது. கேட்டுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் இருக்கும் அந்த இரண்டு மூன்று மீட்டர் நடைபாதை பொதுவழி. நடக்கிறவர் காலைத் தாங்கப் போட்டது அது, ஒன்றரை டன் காரை தினமும் தாங்க அல்ல. கல்லுக்குக் கீழே கேஸ் குழாய், தண்ணீர்க் குழாய், கேபிள் எல்லாம் ஓடுகின்றன. விளிம்பு வைத்த நடைபாதையின் மேல் ஒருவர் வழக்கமாக வண்டி ஏற்றினால், கவுன்சில் நோட்டீஸ் கொடுத்து, வண்டி கடக்கும் பாதையைத் தானே கட்டி, செலவை அவரிடம் வசூலிக்கலாம் என்று 184 சொல்கிறது. நாமாகவே முன்வந்து, கட்டிக்கொடுங்கள் என்று விண்ணப்பிக்கவும் அதே பிரிவுதான் வழி. பேச்சில் எல்லாரும் 'டிராப்டு கெர்ப்' (தாழ்த்திய விளிம்புக் கல்) என்போம், கவுன்சில் படிவத்தில் 'வெஹிக்கிள் கிராஸ்ஓவர்' என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

விண்ணப்பம் வந்தால் அவர்கள் பார்க்க வேண்டியது மூன்று என்று சட்டமே சொல்கிறது: நடைபாதை கெடக்கூடாது, வண்டி பத்திரமாக உள்ளே போய் வெளியே வர வேண்டும், சாலைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் கூடாது. சரி என்றும் சொல்லலாம், மாற்றித் தரலாம், வேறு மாதிரி கட்டலாம் என்றும் சொல்லலாம், முடியாது என்றும் சொல்லலாம். உங்களுக்கு கார் நிறுத்த இடம் இல்லை என்பது இந்த மூன்றில் எதிலும் வராது. என் முதல் விண்ணப்பத்தில் அதைத்தான் அரைப்பக்கம் எழுதியிருந்தேன்!

அதைவிடப் பெரிய தப்பு, முதலில் கல் பாவிவிட்டு அப்புறம் விண்ணப்பித்தது. பில்டர் நம்ம ஆள்தான். "அண்ணா, கவுன்சில் எல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி, முதல்ல போட்டுடலாம்" என்றார். நானும் தலையாட்டினேன். புல்லை வாரிவிட்டுச் சாம்பல் நிறத்தில் அழகாகக் கல் போட்டுக் கொடுத்தார்.

ஆய்வாளர் ஒரு டேப்பும் தண்ணீர் பாட்டிலும் கையில் வைத்துக்கொண்டு வந்தார். முதலில் டேப். எங்களுடையது பழைய செமி வீடு (ஒரு பக்கம் அடுத்த வீட்டோடு ஒட்டியது), முன்னறை ஜன்னல் தொந்தி மாதிரி வெளியே பிதுங்கி நிற்கும். இங்கே பே விண்டோ என்பார்கள். நான் சுவரிலிருந்து அளந்து 5.2 மீட்டர் என்று எழுதியிருந்தேன். அவர் அந்தத் தொந்தியிலிருந்து அளந்தார். 4.55. எங்கள் கவுன்சிலில் குறைந்தது 4.8 வேண்டும். இங்கே கார் நிறுத்தும் கட்டத்தின் வழக்கமான அளவு 2.4க்கு 4.8 மீட்டர், அதிலிருந்து வந்த கணக்கு அது. சில கவுன்சில்கள் 5 மீட்டர் கேட்கும். உங்களிடம் இருப்பது சின்ன காராகவே இருக்கலாம். நாளைக்கு வீட்டை வாங்குகிறவர் பெரிய கார் வைத்திருந்தால் பின்பக்கம் நடைபாதையில் நீட்டிக்கொண்டு நிற்கும், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிறவர் சாலையில் இறங்க வேண்டியிருக்கும். அதனால் காரை வைத்து அவர்கள் கணக்குப் போடுவதில்லை.

அடுத்து பாட்டில். மூடியைத் திறந்து பாதித் தண்ணீரைக் கல் தரையில் ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் ஒரு நொடி யோசித்தது, பிறகு நேராக கேட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. நடைபாதையைத் தொட்டதும் பாட்டிலை மூடிவிட்டார். இது ஆகாது என்றார், அவ்வளவுதான்.

காரணம் 2007 கோடையில் இங்கிலாந்தில் வந்த வெள்ளம். முன்தோட்டங்கள் எல்லாம் சிமென்ட் ஆகிவிட்டால் மழைநீர் மண்ணில் இறங்க வழியில்லை, மொத்தமும் வடிகாலுக்கு ஓடும். அதனால் 2008 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் ஒரு விதி: வீட்டுக்கும் சாலைக்கும் நடுவில் 5 சதுர மீட்டருக்கு மேல் தரை போட்டால், ஒன்று அது தண்ணீரை உறிஞ்சுகிற தரையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வழிகிற தண்ணீர் உங்கள் வளாகத்துக்குள்ளேயே மண்ணில் இறங்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பிளானிங் அனுமதி, அதாவது கட்டுமான மாற்றங்களுக்கான அனுமதி, வாங்க வேண்டும். 5 சதுர மீட்டர் என்றால் ஒரு கார் நிற்கிற இடத்தில் பாதிகூட இல்லை, ஆகவே எல்லாருமே இதில் மாட்டுவார்கள். புதுக் கல்லில் ஒரு வரிசையை உடைத்து, கேட் ஓரமாகக் கம்பி மூடி போட்ட வாய்க்கால் வைத்து, மூலையில் குழி தோண்டிச் சரளை நிரப்பி, தண்ணீரை அங்கே இறக்கினோம். "அண்ணா" என்று கூப்பிட்ட பில்டர் அதற்குத் தனியாகக் காசு வாங்கினார்.

அளவுப் பிரச்சினைக்கு அந்த ஆய்வாளரே வழி சொன்னார். ஜன்னலுக்கு நேராக வேண்டாம், வாசல் கதவுப் பக்கம் சுவர் உள்ளடங்கியிருக்கிறது, அங்கே 5.2 கிடைக்கும், கார் நின்றது போக ஆள் நடக்க ஓரமாக வழி விடுங்கள் என்றார். படமும் வரைந்து கொடுத்தார். ஆனால் அந்தப் பக்கத்து நடைபாதையில் தொலைபேசி கேபிளின் இரும்பு மூடி ஒன்று இருந்தது. அது ஆள் நடக்கிற பாரத்துக்குப் போட்டது, வண்டி ஏறுவதானால் கனமான மூடி வேண்டும். மாற்றுகிற செலவு நம் தலையில். விளக்குக் கம்பத்தை நகர்த்துவதும் இப்படித்தான். மரம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். நல்ல மரத்தை உங்கள் காருக்காக வெட்டச் சொன்னால் பெரும்பாலும் நடக்காது, வேர் இருக்கும் இடத்தையும் தோண்ட விடமாட்டார்கள். தெருமுனைக்குப் பத்து மீட்டருக்குள் வீடு இருந்தாலும் பல கவுன்சில்களில் கஷ்டம்.

இதெல்லாம் நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ். பிளானிங் அனுமதி என்பது தனி, ஒன்று கிடைத்தால் இன்னொன்று தானாக வந்துவிடாது. உங்கள் சாலை ஏ, பி, சி என்று வகைப்படுத்தப்பட்டதா, வகை இல்லாத சாதாரணத் தெருவா என்று முதலில் பாருங்கள். சாதாரணத் தெருவில் தனி வீடு என்றால் பொதுவாகப் பிளானிங் தேவைப்படாது. வகைப்பட்ட சாலை, ஃபிளாட் என்றால் தேவைப்படும். வீடு பட்டியலில் உள்ள பழங்காலக் கட்டடமாகவோ பழமை காக்கும் பகுதியிலோ இருந்தால் கூடுதல் கட்டுப்பாடு உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது. பிளானிங் மறுக்கப்பட்டால் பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டில் மேல்முறையீடு உண்டு. கிராஸ்ஓவர் மறுக்கப்பட்டால் அப்படி ஒரு வாசல் இல்லை, கவுன்சிலிடமே மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டியதுதான்.

யாரிடம் விண்ணப்பிப்பது என்பதிலும் ஆட்கள் குழம்புகிறார்கள். லண்டனில் பெரும்பாலான தெருக்கள் உங்கள் பரோ கவுன்சிலுடையவை (பரோ என்பது லண்டனின் உள்ளாட்சிப் பிரிவு). வீட்டு முன்னால் சிவப்புக் கோடு போட்ட பெரிய சாலை என்றால் அது டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் கையில் இருக்கும். லண்டனுக்கு வெளியே பல இடங்களில் கவுன்ட்டி கவுன்சில் சாலையைப் பார்க்கும், டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் பிளானிங்கைப் பார்க்கும். என் மச்சான் டிஸ்ட்ரிக்டுக்கு அனுப்பிவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தான்.

அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர் மட்டும் நிறுத்தக்கூடிய பர்மிட் பார்க்கிங் தெருவாக இருந்து, உங்கள் வாசலில் கட்டம் வரைந்திருந்தால், அந்தக் கட்டத்தை அழிக்கப் போக்குவரத்து ஆணையையே திருத்த வேண்டும். அதற்குப் பொது அறிவிப்பு, ஆட்சேபம், தனிக் கட்டணம், பல மாதம். உங்களுக்கு ஓர் இடம் உள்ளே கிடைக்கும்போது தெருவில் எல்லாருக்குமான ஓர் இடம் போகிறது, அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பது அதனால்தான். தெருவில் இட நெருக்கடி அதிகம் என்றே மறுக்கிற கவுன்சில்களும் உண்டு.

செலவு இடத்துக்கு இடம் மாறும். விண்ணப்பக் கட்டணம் மறுத்தாலும் திரும்பி வராது. அகலம், மூடி, கம்பம் என்று கூட்டினால் மொத்தம் ஆயிரக்கணக்கான பவுண்டு ஆகும். எனக்கு வாய்க்கால், மூடி எல்லாம் சேர்த்து நான்காயிரத்தைத் தொட்டது. முறையாக அளந்துவிட்டு ஆரம்பித்திருந்தால் அதில் கால்வாசி மிஞ்சியிருக்கும். சில கவுன்சில்கள் தங்கள் ஆட்களை மட்டுமே வைத்துக் கட்டும், சில அங்கீகாரம் பெற்ற கான்ட்ராக்டரை அனுமதிக்கும். நடைபாதையில் உங்கள் பில்டரைக் கை வைக்க விடாதீர்கள்.

கட்டியது இரண்டே நாள். ஒரு விளிம்புக் கல் முக்கால் ஆள் நீளம் இருக்குமோ என்று நினைத்திருந்தேன், 91 சென்டிமீட்டர்தான். நான்கு கற்களைத் தாழ்த்தி, இரண்டு பக்கமும் சரிந்து வரும் கல் ஒவ்வொன்று வைத்தார்கள். முழுக்கத் தாழ்த்தாமல் 25 மில்லிமீட்டர் விட்டார்கள். எதற்கு என்று கேட்டேன். தண்ணீர் சாலையோரமாகவே ஓட வேண்டுமாம், இல்லையென்றால் உள்ளே வந்துவிடும். பார்வையற்றவர் தடியில் தட்டினால் சாலை ஆரம்பிக்கிறது என்றும் தெரிய வேண்டும். ஊரில் எங்கள் தெருவில் ஆளாளுக்குச் சாக்கடை மேல் சிமென்ட் சரிவு கட்டிச் சாலைக்குள் இறக்கியிருப்பார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம், நடுவில் நடைபாதை எங்கே என்று தேட வேண்டும். ஒரு விரல் உயரத்துக்கு இவ்வளவு யோசிக்கிறார்களா என்று அன்றைக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

கட்டி முடித்த பிறகும் அந்தச் சரிவு உங்களுடையதல்ல, கவுன்சிலுடையது. நீங்கள் காசு கொடுத்தது கடந்து போகும் உரிமைக்கு. ஆனால் வேறு யாராவது அங்கே காரை நிறுத்தி வழியை மறித்தால் 2004ஆம் ஆண்டின் டிராஃபிக் மேனேஜ்மென்ட் ஆக்ட், பிரிவு 86 உங்கள் பக்கம் நிற்கும். கவுன்சிலுக்குப் போன் செய்தால் ஆள் வந்து அபராதச் சீட்டு வைப்பார், அதில் 27 என்ற விதிமீறல் எண் இருக்கும். உங்கள் சம்மதத்தோடு உங்கள் மாமனார் காரை நிறுத்தினால் பிரச்சினையில்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான டிரைவ்வே என்றால் அந்தச் சம்மதம் செல்லாது, அதைக் கவனத்தில் வையுங்கள். சாலையில் வெள்ளையாக 'எச்' வடிவக் கோடு போட்டுத் தருகிறார்கள், கூடுதல் காசு. அது வெறும் நினைவூட்டல்தான், கோட்டுக்கென்று தனிச் சட்ட பலம் கிடையாது. நான் போடவில்லை.

இப்போது உங்களுக்கு வேலை இதுதான்: ஒரு டேப் எடுத்து, வீட்டில் வெளியே மிக நீட்டிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து உங்கள் எல்லை வரை அளந்து பாருங்கள். நடைபாதையில் என்னென்ன மூடி, கம்பம், மரம் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கவுன்சில் தளத்தில் அவர்கள் கேட்கும் நீளம் போட்டிருக்கும். பே விண்டோ இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால், இரண்டு அளவையும் கருத்துப் பகுதியில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பில்டருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். ரப்பர் கட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். என்னுடைய ஜோடி இன்னும் ஷெட்டில் கிடக்கிறது, யாரும் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.