எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும் ஒன்றா?

கேள்வி: உளவியல் முதலாமாண்டு படிக்கிறேன். எதிர்மறை வலுவூட்டலுக்கு எடுத்துக்காட்டாக, 'வீட்டுப்பாடம் செய்யாத மாணவனை வகுப்பில் நிற்க வைப்பது' என்று எழுதினேன். மதிப்பெண் தரவில்லை. எதிர்மறை என்றாலே தண்டனைதானே?
– ஒரு வாசகி

பதில்: இல்லை. நீங்கள் எழுதியது தண்டனை. அதிலும் நேர்மறைத் தண்டனை.

உளவியலாளர் ஸ்கின்னர் வகுத்த செயல்பாட்டு ஆக்கநிலையுறுத்தலில் (ஒரு செயலின் விளைவே அந்தச் செயலைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் கற்றலில்) நேர்மறை, எதிர்மறை இரண்டும் வெறும் கூட்டல், கழித்தல் குறிகள். நல்லது கெட்டதற்கு அங்கே வேலையில்லை. செயலுக்குப் பின் ஏதாவது வந்து சேர்ந்தால் நேர்மறை, இருந்தது விலகினால் எதிர்மறை. அதன் விளைவாகச் செயல் கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. சண்டை போட்ட பிள்ளையிடமிருந்து ஃபோனை வாங்கி வைத்தபின் சண்டை குறைந்தால், அது எதிர்மறைத் தண்டனை.

பலர் சறுக்குவது இதற்கும் முந்தைய படியில்: யாருடைய செயல், எந்தச் செயல் என்று முடிவு செய்யாமலே பெயர் வைத்துவிடுகிறார்கள். காரில் பெல்ட் போட்டதும் எச்சரிக்கை ஒலி நிற்கிறது. அடுத்தமுறை சீக்கிரமே போடுகிறோம். 'பெல்ட் போடுவது' என்ற செயலுக்கு இது எதிர்மறை வலுவூட்டல். 'போடாமல் ஓட்டுவது' என்பதைச் செயலாக எடுத்துக்கொண்டால் அதே ஒலி தண்டனையாகிவிடும்.

குழந்தை ஃபோன் கேட்டு அழுகிறது, அம்மா கொடுக்கிறார், அழுகை நிற்கிறது. குழந்தையின் அழுகைக்கு நேர்மறை வலுவூட்டல். அம்மா கொடுத்ததற்கு எதிர்மறை வலுவூட்டல். இருவருமே பழகிக்கொள்கிறார்கள்! திடீரென்று கொடுப்பதை நிறுத்தினால் அழுகை முதலில் கூடவும் வாய்ப்புண்டு. அந்த நேரத்தில் மனமிரங்கிக் கொடுத்துவிட்டால், இன்னும் சத்தமாக அழுதால் கிடைக்கும் என்று கற்பித்ததாகிவிடும். எப்போதாவது ஒருமுறை கொடுப்பதும் அப்படித்தான்; எப்போதும் கிடைத்துவந்த பழக்கத்தைவிட அவ்வப்போது கிடைத்த பழக்கம் மறைய அதிக நாள் பிடிக்கும்.

மேடை பயத்திலும் இதே கணக்குதான். 'நான் பேசவில்லை' என்று சொன்ன கணமே படபடப்பு தணிகிறது. அந்த நிம்மதி தவிர்ப்பதை வளர்க்கிறது, பயம் அப்படியே தங்கிவிடுகிறது. அதனால்தான் பயத்துக்கான சிகிச்சையில் தவிர்க்கவிடாமல், படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்குகிறார்கள்.

உணவுக்கு முன் ஓர் ஓசையைக் கேட்டுக் கேட்டுப் பழகி, ஓசை கேட்டாலே எச்சில் ஊறிய பாவ்லவின் நாயை இங்கே இழுக்காதீர்கள். அந்த நாய் எச்சில் ஊறியதால் உணவைப் பெறவில்லை. ஊறினாலும் ஊறாவிட்டாலும் உணவு வந்தது. அது வேறு வகைக் கற்றல்.

இனி உங்கள் விடை. நிற்க வைத்தது தண்டனை என்று நான் மேலே சொன்னதைக்கூட, விளைவைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. சக மாணவர்கள் சிரிப்பதில் அவனுக்குக் குஷி பிறந்து, வீட்டுப்பாடம் செய்யாமல் வருவது அதிகமானால் அது வலுவூட்டலே. ஆசிரியரின் நோக்கம் கணக்கில் வராது. அடுத்தமுறை இப்படி எழுதுங்கள்: 'நான்கு நாளும் வீட்டுப்பாடம் முடித்தவர்களுக்கு ஐந்தாம் நாள் வீட்டுப்பாடம் நீக்கப்பட்டது, அதனால் முடித்து வருவோர் கூடினர்.' அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். செயல் கூடியதா குறைந்ததா என்று சொல்லாத எடுத்துக்காட்டு பாதி விடைதான்.