அழுகிய வள்ளத் தளம்: ஃபைபர் பூசும் முன் வங்குக்காலைப் பாருங்கள்

கேள்வி: கேரளத்தில், நெய்யாறு கடலில் சேரும் பூவாறு பொழிமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அப்பா காலத்து அயினி மர வள்ளம், 26 அடி. எஞ்சின் வைத்து, காயலில் சுற்றுலா ஆட்களை ஏற்றுகிறேன். நடுத்தளத்தில் மிதித்தால் பலகை அமுங்குகிறது. அடியில் வங்குக்கால்கள் (வள்ளத்தின் குறுக்கே விலாபோல் வளைந்திருக்கும் கட்டைகள்) இரண்டு இற்றிருக்கின்றன. மேலே ப்ளைவுட் அடித்து ஃபைபர் பூசினால் போதும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். சரிசெய்து முடிக்கும்வரை ஆட்களையும் ஏற்றாதீர்கள். தளம் என்பது கால் வைக்கும் பலகைதான். வள்ளத்தின் உருவத்தைப் பிடித்து நிறுத்துவது ஏராவும் (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகுக்கட்டை) வங்குக்கால்களும். அவை இற்றிருக்கும்போது மேலே எதைப் பூசினாலும் உள்ளே அழுகல் தொடரும். இனி அது கண்ணுக்கும் தெரியாது.

மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நிற்கும்போதுதான் அழுகல் பூஞ்சை வளரும். உப்புநீர் அதை ஓரளவு தடுக்கிறது. நெய்யாற்றின் நன்னீரும் மழைநீரும் தடுப்பதில்லை. அதனால்தான் மழைநீர் தேங்கும் இடத்தில், உள்பக்கத்திலிருந்தே அழுகல் தொடங்குகிறது. வங்குக்காலின் அடியில் நீர் ஓடுவதற்கு விட்ட துளைகளைப் பாருங்கள். மணலும் சேறும் அடைத்திருந்தால் காரணம் அங்கேதான்.

ஃபைபர் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய வள்ளங்களுக்கு வருடாவருடம் மீனெண்ணெயோ முந்திரித்தோட்டு எண்ணெயோ பூசியிருப்பார்கள். எண்ணெய் குடித்த மரத்தில், ஃபைபரை ஒட்டவைக்கும் எந்த ரெசினும் சரியாகப் பிடிக்காது. சாதாரண பாலியெஸ்டர் ரெசின் நல்ல மரத்தில்கூட நாளடைவில் உரிந்து வரும்; எபாக்ஸி ரெசின் அதைவிட நல்லது, ஆனால் அதற்கும் காய்ந்த, எண்ணெய்ப் பிசுக்கில்லாத மரம் வேண்டும். உங்கள் வள்ளத்துக்கு மரத்தை மரத்தால் சரிசெய்வதே நல்லது.

முதலில் வள்ளத்தைக் கரையேற்றி, ஏராவின் கீழ் மட்டமாகக் கட்டைகள் கொடுத்து, இரு பக்கமும் முட்டுக் கொடுங்கள். தளப்பலகை முழுவதையும் கழற்றிக் கழுவி, கூரைக்கடியில் காய விடுங்கள். பிறகு கூரான ஊசியால் ஒவ்வொரு வங்குக்காலையும் குத்திப் பாருங்கள். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்றும் இற்ற மரம் மந்தமாகவும் ஒலிக்கும். இரண்டு என்று நினைத்தது நான்காக இருக்கலாம். ஊசி ஏராவிலும் இறங்கினால் நீங்களே கை வைக்காதீர்கள், வள்ளம் கட்டும் ஆசாரியை அழையுங்கள்.

எல்லா வங்குக்காலையும் ஒரே நேரத்தில் கழற்றவே கூடாது. வள்ளம் விரிந்துவிட்டால் பழைய உருவம் திரும்பாது. குறுக்கு அகலங்களை அளந்து எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பழையதை எடுக்குமுன் மெல்லிய ப்ளைவுட்டில் அதன் வளைவை வெட்டி அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். புதியதற்கும் அயினியே போதும், நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். ஒரு முனை மட்டும் இற்றிருந்தால், அழுகியதை நல்ல மரம் வரும்வரை வெட்டி, பக்கத்தில் துணைக்கால் ஒன்றை நீளமாக ஒட்டி வைத்து போல்ட் போடலாம். இரும்பு ஆங்கிள் வைக்கச் சொல்வார்கள். இரும்பின் துரு, சுற்றிலும் உள்ள மரத்தையும் தின்னும். செம்பு ஆணி போட்ட வள்ளத்தில் செம்பையே தொடருங்கள், இரும்பைக் கலக்காதீர்கள். வெட்டிய முனைகளில்தான் மரம் அதிகமாக நீர் குடிக்கும், அங்கே எண்ணெயைப் பலமுறை ஊற விடுங்கள். நீர்த்துளைகளை மறக்காமல் விடுங்கள்.

அப்புறம்தான் தளம். ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட் எடுத்து, விளிம்புகளை அடைத்து, கையால் தூக்கக்கூடிய துண்டுகளாகப் போடுங்கள். முழுக்க ஆணியடித்து மூடினால் அடியில் காற்றும் போகாது, உங்கள் கண்ணும் போகாது.

இந்த வேலையை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் ஆசாரி கிடைப்பார் என்று காத்திருந்தால், இந்தக் கரையில் அது ஜூன், ஜூலை. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் மரம் காயாது. ஆட்களை ஏற்றும் எஞ்சின் வள்ளம் என்பதால், ஓட்டத் தொடங்குமுன் மறுஆய்வும் செய்து சான்று வாங்கிவிடுங்கள்.

நீரில் இறக்கியதும் சந்துகள் ஒழுகும். பயப்பட வேண்டாம், காய்ந்த பலகை சுருங்கியிருக்கும். ஆழமில்லாத இடத்தில் கட்டி ஓரிரு நாள் ஊற விடுங்கள். அதற்குப் பிறகும் ஒழுகும் சந்துகளுக்கு மட்டும் பஞ்சடைத்துக் கலப்பத்து (சந்தை அடைக்கும் பூச்சு) போடுங்கள்.